எண்பத்திரண்டு கிலோ

என் கணவரின் எடை எண்பத்திரண்டு கிலோ. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று நர்ஸ் சொன்ன எண் அது. அவரால் தனியாக நிற்க முடியாததால் சக்கர நாற்காலியோடு நிறுத்தார்கள். நாற்காலியின் எடையைக் கழித்துவிட்டீர்களா என்று நான் இரண்டு தடவை கேட்டேன். கணக்கு டீச்சருக்கு அந்தக் குணம் போகாது. "கழிச்சாச்சு டீச்சர், சுத்தமா எம்பத்திரண்டு" என்று அந்தப் பெண் கொஞ்சம் சலிப்போடு சொன்னாள்.

பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு முதலில் குழறியது, இரண்டு மூன்று மாதத்தில் ஏறக்குறையத் திரும்பிவிட்டது. புத்தி மட்டும் ஒரு நாளும் பிசகவில்லை. பிசகியிருந்தால் அவருக்கு இத்தனை துன்பம் இருந்திருக்காதே என்று சில நாள் நினைத்திருக்கிறேன்.

அவர் மின்சார ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். முக்கூடலுக்கு தினமும் பஸ்ஸில் போய்வந்த காலத்திலும் சரி, டவுனுக்கு மாற்றலாகி வந்த பிறகும் சரி, விறைப்பாகத் தேய்த்த வெள்ளைச் சட்டை இல்லாமல் தெருவில் இறங்கியதில்லை. வாசலில் கேஸ் சிலிண்டர் வந்தால்கூட உள்ளே ஓடிப்போய்ச் சட்டை மாட்டிக்கொண்டுதான் வருவார். "சிலிண்டர்க்காரர் என்ன, மாப்பிள பாக்கவா வந்திருக்காரு?" என்று கேட்பேன். காலரை இழுத்துவிட்டுக்கொள்வார். எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவருக்கு அவருடைய சட்டைகளின் மடிப்பு மனப்பாடம்.

நான் பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீடு வண்ணார்பேட்டைக்குப் பின்னால் ஒரு சிறிய தெருவில். பகலில் அவரைக் கவனித்துக்கொள்ள ஒரு அம்மாள் வருவார். காலையில் அவர் வரும்வரையிலும், சாயங்காலம் அவர் போன பிறகும், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே மகள் வெளிநாட்டில் இருக்கிறாள்.

முதல் தடவை அவர் விழுந்தது குளியலறையில். ஸ்டூலில் உட்காரவைத்து முதுகுக்குச் சோப்புப் போட்டுவிட்டுத் துண்டை எடுக்கத் திரும்பினேன். சரிந்துவிட்டார். அடி ஒன்றும் பலமாக இல்லை. தூக்கத்தான் முடியவில்லை. கக்கத்தில் கை கொடுத்தால் சோப்பு வழுக்கியது. இடுப்பைப் பிடித்து இழுத்தால் ஒரு சாண் நகர்ந்தார், அவ்வளவுதான். இரண்டு பேரும் மாறி மாறி மூச்சு வாங்கினோம். கடைசியில் நான் ஈரப் புடவையோடு தெருவுக்கு ஓடினேன்.

வந்தவர்கள் இரண்டு பேர். மாடியில் குடியிருக்கும் பஸ் டிரைவர் ஒருவர். இன்னொருவர் அந்த இஸ்திரிக்காரர்.

"அண்ணாச்சி, ஒண்ணுமில்ல. எங்க அய்யாவ தூக்குத மாதிரிதான்" என்றார் இஸ்திரிக்காரர். "பைய, பைய. காலப் பாத்துக்கிடுங்க" என்றார் டிரைவர். இரண்டு பேரும் தங்கமான மனிதர்கள். அவர்கள் தூக்கும்போது இடுப்பில் இருந்த துண்டு நழுவி விழுந்தது. இஸ்திரிக்காரர் ஒரு கையால் அதை எடுத்துச் சுற்றிவிட்டார். என் கணவர் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நகர்ந்து போன பிறகும் அந்த இடத்தையே பார்த்தார்.

அன்றோடு சட்டை போடுவதை விட்டுவிட்டார். மகள் எப்போதோ வாங்கி அனுப்பிய தொளதொள பனியன்தான். தேய்க்கக் கொடுக்கட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று தலையை ஆட்டுவார். "அண்ணாச்சி சட்ட ஒண்ணும் வரலியே டீச்சர்" என்று இஸ்திரிக்காரர் கேட்டபோது, வீட்டிலேயே தேய்த்துக்கொள்கிறோம் என்று ஏதோ சொல்லிவைத்தேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

சில நாள் கழித்து என் கணவரே பேச்சை எடுத்தார். "இன்னொருக்க விழுந்தா யாரையும் கூப்பிடாத."

"கூப்பிடாம என்ன செய்ய?"

"கெடக்கேன். நீயா தூக்க முடிஞ்சா தூக்கு. இல்லன்னா கெடந்துட்டுப் போறேன்."

"நான் என்ன கிரேனா?" என்று கத்திவிட்டேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், எங்கள் பள்ளி முழுக்கத் தெரிந்த விஷயம். அவர் அழுதார். முப்பது வருஷத்துக் குடித்தனத்தில் அவர் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிற ஜிம் ஒன்று உண்டு, வண்ணார்பேட்டையில், இருசக்கர வாகன உதிரிபாகக் கடைக்கு மாடியில். மறுநாள் பள்ளி விட்டதும் அங்கே ஏறினேன். படிக்கட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் முதலில் ஏதாவது ஒரு இரும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நானும் எதற்கு வம்பு என்று பக்கத்தில் கிடந்ததைத் தொட்டுக் கும்பிட்டேன். ஜிம்மை நடத்துகிறவருக்கு முப்பது வயது இருக்கும், கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"எங்க அக்காவுக்கு நீங்கதான் கணக்கு எடுத்திய டீச்சர். வாங்க. வெயிட் கொறைக்கணுமா?"

"இல்ல தம்பி. எம்பத்திரண்டு கிலோவ தரையில இருந்து தூக்கணும்."

"என்னது, அரிசி மூட்டையா?"

"அப்படி வச்சுக்கிடுங்க."

அவர் சிரிக்கவில்லை, மேற்கொண்டு கேட்கவும் இல்லை. அதற்கு டெட்லிஃப்ட் என்று பெயர் என்றார். தரையில் கிடக்கும் இரும்பு ராடைக் குனிந்து பிடித்து, நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும். பிறகு கீழே வைக்க வேண்டும். அவ்வளவுதான். இதை எந்த மனுஷியும் வீட்டில் தண்ணீர்க் குடத்தோடு செய்வதுதானே என்று நினைத்தேன்.

முதல் நாள் ராடின் முனைகளில் எடைப் பிளேட் ஒன்றும் மாட்டவில்லை. வெறும் ராடையே நான் முதுகை வளைத்துத் தூக்குவதைப் பார்த்துவிட்டு, அவர் ஒரு துடைப்பக் கட்டையை என் முதுகில் நீளமாக வைத்துப் பிடித்தார். தலை, நடுமுதுகு, இடுப்பு மூன்றும் கட்டையில் பட வேண்டும். கையால் இழுக்கக் கூடாது, காலால் தரையை அமுக்க வேண்டும். மூச்சை வயிற்றில் பூட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து ஜிம்முக்குப் போனதைச் சொன்னதும் என் கணவர் கேட்டார்:

"இன்னைக்கு எவ்வளவு?"

"சைபர்."

"சைபரத் தூக்கவா மாடி ஏறிப் போன?" என்றார். அந்தப் பனியனைப் போட்டதிலிருந்து அவர் கேலி பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அதற்காகவே மறுநாளும் போக வேண்டும்போல் இருந்தது.

வாரத்தில் மூன்று நாள் போனேன். ஆண்கள் கூட்டம் சேரும் முன்பே முடித்துவிடுவேன். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வேன். அங்கே கணக்கு எளிது: இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து, ஆக இருபது. ஆளாளுக்கு எடையைக் கூவிச் சொல்வதும் அப்படித்தான். ராடு முழங்காலுக்குக் கீழே உரசி உரசி இரண்டு காலிலும் தோல் உரிந்தது. பிடி வழுக்காமல் இருக்கக் கைக்குத் தடவிக்கொள்ள ஜிம் தம்பி வெள்ளைப் பொடி ஒன்று நீட்டினார். என் விரலில் ஏற்கெனவே சாக்பீஸ் இருக்கிறது என்று காட்டினேன். உள்ளங்கையில் காய்ப்பு விழுந்தது. ஆசிரியர் அறையில் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல ஸ்லிம்மாகி என்ன செய்யப் போறிய?" என்று கேட்டாள். ஆமாம், ஸ்லிம்மாகத்தான் என்று சொல்லிவிட்டேன். மனிதர்களுக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்தால் போதும், அதற்குமேல் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

என் கணவருக்கு அது ஆபீஸ் வேலைபோல் ஆகிவிட்டது. நான் வந்து முகம் கழுவுவதற்குள் கேள்வி வந்துவிடும். எண்ணைச் சொன்னதும் எண்பத்திரண்டிலிருந்து கழிப்பார். "முப்பதா? இன்னும் அம்பத்திரண்டு கெடக்கே. என் ஒரு காலக்கூட தூக்கல நீ." நாற்பத்தைந்து வந்த அன்று, "இப்ப இடுப்பு வரைக்கும் வந்துட்ட" என்றார். நான்தான் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே திட்டுவேன். ஆனால் ஜிம்மில் ராடு தரையை விட்டு எழும்பும்போதெல்லாம், வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்லலாம் என்பதுதான் மனதில் வரும்.

பிறகு ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு தோசையைக் குறைக்க ஆரம்பித்தார். என்னவென்று கேட்டேன்.

"நான் கொறச்சிக்கிடுதேன். நீ கூட்டிக்கோ. நடுவுல எங்கயாவது சந்திப்போம்."

"ஒழுங்கா சாப்பிடுங்க. வீட்டுல உங்கள நிறுக்க வழியில்ல. நீங்க பாட்டுக்கு மாறிக்கிட்டே இருந்தா நான் எதக் கணக்கு வச்சு தூக்க?"

அப்படித்தான் எண்பத்திரண்டு எண்பத்திரண்டாகவே நின்றது. அவர் மெலிந்துகொண்டு வந்தார் என்பது என் கண்ணுக்கும் தெரிந்தது. இருந்தாலும் நிறுக்காத எடையை நம்பி இறங்க எனக்குத் தைரியம் இல்லை.

அறுபதில் மாட்டிக்கொண்டேன். பல வாரங்கள் ராடு அசையவே இல்லை. ஒரு நாள் ரோஷத்தில் இழுத்து இடுப்பு பிடித்துவிட்டது. ஜிம் தம்பி பயந்துபோனார். "இடுப்பு போச்சுன்னா வருசக்கணக்குல படுக்கப் போட்டுரும் டீச்சர். அவசரப்படாதிய" என்று பத்து நாள் வரவேண்டாம் என்றுவிட்டார். வீட்டில் நான் கட்டிலின் ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொள்ள, அவர் இடது கையால் தைலம் தேய்த்துவிட்டார். பழக்கமில்லாத கை, ஒரே இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தது. "ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ரெண்டு பேரையும் பாக்க ஆளு கெடையாதுட்டி" என்றார்.

திரும்பவும் கீழிருந்து தொடங்கி, பைய ஏறி, ஐப்பசியில் எழுபதைத் தூக்கினேன். ஒரு தடவை இல்லை, அந்த வாரம் மூன்று நாளும் தூக்கினேன். "பன்னெண்டு" என்றார் என் கணவர். "பொங்கலுக்குள்ள முடிச்சிருவ."

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஆற்றுக்குள் இருக்கும் குறுக்குத்துறைக் கோயில் மண்டபம் முங்கிவிட்டது என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள், பகலில் வரும் அம்மாளும் மழையில் வரவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன். ஆற்று வெள்ளத்தின் சத்தம் கேட்கிறதா என்று என் கணவர் ஜன்னலைத் திறக்கப் பார்த்திருக்கிறார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்துவிட்டார். நான் ஓடிவந்து பார்த்தபோது மல்லாந்து கிடந்தார். வேட்டி ஒரு பக்கமாகச் சுருண்டிருந்தது. அடி இல்லை என்று கண்ணாலேயே சொன்னார்.

கட்டிலை இழுத்து ஒதுக்கினேன். அவருக்கு இரண்டு பக்கமும் காலை வைத்து, ஜிம்மில் நிற்கிறபடி இடுப்பகலத்துக்கு அகட்டி நின்றேன். மூச்சை வயிற்றில் பூட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு ஆயிருக்கு?" என்று கேட்டார். அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

"எழுபது."

"பன்னெண்டு கொறையுதே."

மனதுக்குள் நானும் அதையேதான் கழித்திருந்தேன். அறுபதில் அவசரப்பட்டு இடுப்பு பிடித்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

"வேண்டாம்ட்டி" என்றார். "ஒன் இடுப்ப ஒடிச்சுக்கிடாத. போ. போய்க் கூப்பிடு."

"நீங்கதான கூப்பிடாதன்னு சொன்னிய?"

"இப்ப நான்தான் சொல்லுதேன். கூப்பிடு."

நான் காலை எடுத்துக்கொண்டேன். குடையைத் தேடாமல் வாசலுக்குப் போனேன். மாடி டிரைவர் டூட்டிக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தார். மழையில் வண்டி போடாவிட்டாலும் இஸ்திரிக்காரர் பக்கத்துச் சந்தில் தன் வீட்டில் இருந்தார். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். அறைக்குள் வந்ததும் முதலில் வேட்டியைச் சரிசெய்து, கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்து அவரைக் கழுத்து வரை மூடினார். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு தூக்கினார். அந்த மரியாதைக்கு நான் என்றைக்கும் அவருக்குக் கடமைப்பட்டவள். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர்கள் போகும்வரை திறக்கவில்லை.

போன பிறகு, "பொங்கலுக்குள்ள தூக்கிருவ" என்றார், எனக்கு ஆறுதலாக.

மார்கழியில் சளி கட்டி, நெஞ்சில் இறங்கி, நான்காவது நாள் போய்விட்டார். இஸ்திரிக்காரர் வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி சட்ட ஒண்ணு குடுங்க டீச்சர்" என்று கேட்டார். வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கரி கனியக் காத்திருந்து, காலரில் இரண்டு தடவை பெட்டியை ஓட்டி, மடிக்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து அவரே போட்டுவிட்டார். எங்களில் பெண்கள் பாடையைத் தொடுவதில்லை, சுடுகாட்டுக்குப் போவதும் இல்லை. நாலு பேர் தூக்கினார்கள். தூக்கும்போது ஒருவர் முதுகை வளைத்ததைப் பார்த்தேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாம்பலைத் தாமிரபரணியில் கரைத்தாயிற்று. மகள் வந்து, இருந்து, போய்விட்டாள். பல மாதம் கழித்துத்தான் திரும்ப அந்த மாடிப்படியில் ஏறினேன். ஏன் போனேன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. ஒரு கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுப் பலகையை அழிக்க மனம் வரவில்லை என்றுதான் சொல்ல முடியும். ஜிம் தம்பியிடம், அது அரிசி மூட்டை இல்லை என்று அன்றைக்குத்தான் சொன்னேன். மழை நாளன்று நடந்ததையும் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒரு பிளேட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம், எண்பத்திரண்டைத் தூக்கினேன். சரியாக எண்பத்திரண்டுக்குப் பிளேட் சேராது, எண்பத்திரண்டரைதான் வரும். அந்த அரைக் கிலோவை அவர் சாப்பிடாமல் விட்ட தோசைகளுக்கு வைத்துக்கொண்டேன். ராடைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். துக்கம்தான். ஆனால் அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. இந்த எடைக்கு வர எனக்கு இத்தனை நாள் பிடித்திருக்கிறது. ஐப்பசியில் என்னால் முடிந்திருக்காது. அவர் கூப்பிடச் சொன்னது சரி, நான் கூப்பிட்டதும் சரி. அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாவட்டப் பளுதூக்கும் போட்டி நடந்தது. வயதானவர்களுக்கும் பிரிவு உண்டு என்று ஜிம் தம்பி என்னை விடாமல் பிடித்து இழுத்துப் போனார். சாப்பாட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். மணமேடை இருக்கும் இடத்தில் ராடு கிடந்தது. என்ன எடை தூக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். எண்பத்திரண்டரை என்று சொன்னேன். வேறு எந்த எண்ணும் எனக்கு வேண்டாம்.

என் முறை வந்து மேடையில் ஏறினேன். ராடைப் பார்த்ததுமே தப்பு தெரிந்துவிட்டது. எங்கள் ஜிம்மில் எண்பத்திரண்டரை என்றால் ஒவ்வொரு பக்கமும் பெரிய பிளேட் இரண்டு நிற்கும். இங்கே ஒன்றுதான் நின்றது, அதை ஒட்டிச் சின்னதாகச் சில. நேராக நடுவர் மேஜைக்குப் போனேன்.

"தப்பா மாட்டியிருக்கிய. கொறையுது" என்றேன்.

மேஜையில் இருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சரியாத்தான் இருக்கு அக்கா. ராடும் எடைதான? அதயும் சேத்துத்தான் எம்பத்திரண்டரை."

"ராடு எவ்வளவு?"

"இருபது கிலோ. எல்லா எடத்துலயும் இருபதுதான்."

நேரம் ஓடுகிறது, தூக்குங்கள் என்றார்கள். போய் நின்றேன். குனிந்தேன். அது சும்மா வந்தது. சமையல்கட்டில் ஒரு குடத்தை இடம் மாற்றுவதுபோல் வந்துவிட்டது. நிமிர்ந்து நின்றேன். கைதட்டினார்கள். என் கையில் இருந்தது சரியாக அவருடைய எடை, ராடோடு சேர்த்து, சுத்தமாக. நடுவர் கையைத் தாழ்த்தி, இறக்கலாம் என்று சைகை காட்டினார். எனக்கு இறக்கத் தோன்றவில்லை. இரண்டாவது தடவை சொன்ன பிறகு வைத்தேன்.

மேடைக்குப் பக்கத்தில் ஜிம் தம்பி நின்றிருந்தார். "நம்ம ஜிம்முல ராட கணக்குல சேக்கதில்லியா தம்பி?" என்று கேட்டேன்.

"நம்ம ஊர்ல எங்கயும் சேக்க மாட்டாவ டீச்சர். பிளேட்டு மட்டும்தான். எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்கு யாரும் சொல்லல."

"நீங்க கேக்கலியே..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். நான் எதை யோசிக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"எழுபதுன்னு சொன்னமே, அது எவ்வளவு?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தொண்ணூறு" என்றார். "ஆளு வேற, ராடு வேற டீச்சர். ராடுக்குப் பிடி இருக்கு. ஆளு அப்பிடி வராது" என்றார். அவர் என்னைத் தேற்றத்தான் சொன்னார், உண்மையையும்தான் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சக்கர நாற்காலியின் எடையைக் கழித்தீர்களா என்று இரண்டு தடவை கேட்டவள் நான். ஒரு வருஷத்துக்குமேல் கையில் பிடித்த இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் அதைக் காற்றுபோல் நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

பதக்கம் ஒன்று கொடுத்தார்கள். பஸ்ஸில் வரும்போது அது கைப்பைக்குள் சாவிக்கொத்தோடு இடித்துக்கொண்டே வந்தது. தெருமுனையில் இஸ்திரிக்காரர் வண்டிக்குப் பின்னால் நின்று யாருடைய சட்டையையோ தேய்த்துக்கொண்டிருந்தார். "எங்க டீச்சர், வெயில்ல?" என்று கேட்டார். பாளையங்கோட்டை வரைக்கும் என்று மட்டும் சொன்னேன்.

நான் அவரைத் தூக்கியிருப்பேன் என்று சொல்லவரவில்லை. மனிதனைப் பிடிக்க நடுவில் ஓர் இடம் கிடையாது. ஒரு பக்கம் கனக்கும், ஒரு பக்கம் தொய்யும். பாதியில் கை நழுவியிருக்கலாம், என் இடுப்பும் போயிருக்கலாம். கடைசியில் எப்படியும் மழையில் ஓடித்தான் போயிருப்பேனோ என்னவோ.

அந்த மழை நாளில் காலை அகட்டி அவருக்கு மேலே நின்றேனே, அவர் என் முகத்தைப் பார்த்தாரே, இரண்டு பேருமாகப் பன்னிரண்டு குறைகிறது என்று கண்டுபிடித்தோமே, அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தொண்ணூறு என்று தெரிந்திருந்தால் நான் குனிந்திருப்பேன்.